உங்களுக்குத் தெரியுமா? காயில் கடையும் காத்தாடியும்

கயத்தாற்றில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை ஒன்று. கருகிப்போன 5 ஹெச்.பி. மோட்டாரின் செம்புக் கம்பிகளை, நண்டின் குடலைப் பிரிப்பதுபோல் உருவி வெளியே போட்டுக்கொண்டிருந்தார் அண்ணாச்சி. எதிரே கரிசல் காட்டில் காத்தாடி சுற்றிக்கொண்டிருந்தது. "அதுக்குள்ளயும் இந்தக் காயில்தானா அண்ணாச்சி?" என்று கேட்டேன். அவர் நிமிரவில்லை. "எல்லாம் ஒரே சாமான்தான் தம்பி. நாம கரண்ட் குடுத்தா அது சுத்தும். அத நாம சுத்துனா கரண்ட் குடுக்கும். குடுக்கல் வாங்கல்தான்."

அந்தக் கொடுக்கல் வாங்கலின் பேரேட்டைப் புரட்டினால், கோவைக்காரர் ஒருவரின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. ஜி.டி. நாயுடு. மோட்டாரில் தொடங்கிக் காத்தாடி வரை சில துணுக்குகள் இதோ.

1. புளியமரமும் பேட்டரியும்

வீரபாண்டிய கட்டபொம்மனைக் கயத்தாற்றுப் புளியமரத்தில் தூக்கிலிட்டது 1799 அக்டோபர் 16. அதற்கு ஐந்து மாதம் கழித்து, 1800 மார்ச் 20 அன்று, இத்தாலியின் அலெஸாந்த்ரோ வோல்டா லண்டன் ராயல் சொசைட்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். உலகின் முதல் பேட்டரியை அறிவித்த கடிதம் அது. தொடர்ந்து ஓடும் மின்சாரம் என்ற ஒன்று உலகுக்கு அறிமுகமானபோது, இந்த ஊரின் துக்கத்துக்கு ஆறு மாதம்கூட ஆகவில்லை.

2. மணலில் பிறந்த மோட்டார்

ஏ.சி. மின்சாரத்தில் ஓடும் இண்டக்‌ஷன் மோட்டாரின் யோசனை நிகோலா டெஸ்லாவுக்கு 1882-ல் புடாபெஸ்ட் பூங்கா ஒன்றில் நண்பரோடு நடந்துகொண்டிருந்தபோது பளிச்சிட்டது. குச்சியை எடுத்து மணலிலேயே படம் வரைந்து காட்டினாராம். ஆறு ஆண்டுகள் கழித்து, 1888 மே 1 அன்று, அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது. கிணற்று மேட்டு மோட்டாருக்கு ஜாதகம் கணிப்பதென்றால் அந்தத் தேதியில் கணிக்கலாம்.

3. உள்ளே ஒரு அணில் கூண்டு

இன்றைய த்ரீ பேஸ் மோட்டாரின் சுழலும் பகுதிக்கு 'அணில் கூண்டு' என்று பெயர். ஐ.டி.ஐ. மாணவர்கள் படிக்கும் சொல் இது. இரண்டு வளையங்கள், அவற்றை இணைக்கும் உலோகப் பட்டைகள், அவ்வளவுதான். இதை 1889 வாக்கில் உருவாக்கியவர் ஜெர்மனியில் வேலை பார்த்த ரஷ்யப் பொறியாளர் டோலிவோ டோப்ரோவோல்ஸ்கி. உரசித் தேய கார்பன் பிரஷ் கிடையாது. அதனால்தான் கிணற்றுக் கொட்டகையில் பல்லியோடும் தூசியோடும் இருபது வருடம் கிடந்தாலும் பொத்தானை அமுக்கியதும் ஓடுகிறது.

4. மணலை எறிந்த மாணவன்

கோபாலசாமி துரைசாமி நாயுடு பிறந்தது 1893 மார்ச் 23, கோவை அருகே கலங்கல் கிராமம். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. வாத்தியார் மேல் மணலை வாரி எறிந்தவர் என்று அவர் வாழ்க்கைக் கதையைச் சொல்பவர்கள் எல்லோரும் மறக்காமல் சொல்வார்கள். டெஸ்லா மணலில் மோட்டாரை வரைந்தார். நாயுடு மணலைத் தூவிப் பள்ளிக்கூடத்தைவிட்டே வெளியேறினார். இருவரும் கடைசியில் வந்து சேர்ந்த இடம் ஒன்றுதான்.

5. ஒரு மோட்டார் சைக்கிள், ஒரு ஓட்டல் வேலை

கிராமத்துக்கு வந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிள்தான் நாயுடுவைக் கலங்கலைவிட்டுக் கிளப்பியது. கோவைக்குப் போய் ஓட்டலில் சர்வராக நின்று காசு சேர்த்தார். கடைசியில் அதேபோன்ற வண்டியை வாங்கினார். வாங்கியவர் முதலில் செய்த காரியம், வண்டியை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி மறுபடி பூட்டியது. அவருடைய எஞ்சினீயரிங் காலேஜ் அதுதான்.

6. பொள்ளாச்சி – பழனி

1920-ல் ஸ்டேன்ஸ் நிறுவனத்தாரின் ஒத்தாசையோடு ஒரு பஸ்ஸை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டினார். 'ஓட்டினார்' என்றால் நடத்தினார் என்று மட்டும் பொருள் இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தவரும் அவரே.

7. ஒன்று 280 ஆனது

அந்த ஒற்றை பஸ்தான் 'யு.எம்.எஸ்.' என்ற யுனிவர்சல் மோட்டார் சர்வீஸாக வளர்ந்தது. 1933-ல் அவரிடம் 280 பஸ்கள். பஸ் கம்பெனி நடத்துபவருக்குப் பட்டறை வேண்டும். பட்டறை இருந்தால் லேத் வேண்டும். லேத் ஓட மோட்டார் வேண்டும். வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும் மோட்டாருக்காக எத்தனை நாள் காத்துக் கிடப்பது?

8. பைக்காரா போட்ட பிள்ளையார் சுழி

கோவையில் மோட்டார் பிறக்க ஒரு நதியும் காரணம். நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-ல் ஓடத் தொடங்கியது. மலையிலிருந்து இறங்கிய கம்பி கோவைக்கு வந்ததும் பஞ்சாலைகள் பெருகின. நம் பக்கத்துக்குத் தாமிரபரணி அந்த உபகாரத்தைச் செய்தது 1944-ல், பாபநாசம் நீர்மின் நிலையம் வழியாக. ஆற்றுத் தண்ணீர் கரண்டைக் கொடுக்க, அந்தக் கரண்ட் கிணற்றுத் தண்ணீரை இறைத்தது.

9. 1937, பீளமேடு

கோவை பீளமேட்டில் நாயுடு தொடங்கிய நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸ் பட்டறையிலிருந்து 1937-ல் ஒரு மின்மோட்டார் வெளியே வந்தது. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் அந்தப் பட்டறையின் பெயர் 'நியூ'. இந்தியாவிலேயே தயாரான முதல் மோட்டார் என்று கோவை இன்றும் பெருமையோடு சொல்வது இதைத்தான்.

10. கூட நின்ற கை

அந்த மோட்டாரை உருவாக்கிய கை டி. பாலசுந்தரத்தினுடையது. மோட்டாரைப் பற்றிப் பேசும்போது நாயுடுவின் பெயர் மட்டும் முன்னே வந்து நின்றுவிடுகிறது. பாலசுந்தரம் பின்னாளில் 'டெக்ஸ்டூல்' நிறுவனத்தைத் தொடங்கிப் பஞ்சாலை இயந்திரங்கள் செய்தார். பஸ் முதலாளியின் பணமும் பட்டறைக்காரரின் விரலும் சேர்ந்த இடத்தில்தான் கோவை தொழில் நகரமானது.

11. கமலை ஓய்ந்தது

நம் பக்கத்தில் அதுவரை கிணற்றுத் தண்ணீரை மேலே கொண்டுவந்தது கமலை. ஒரு ஜோடி மாடு, தோல் சால், வடம், முன்னும் பின்னும் நடக்க ஒரு சரிவு. பொழுது விடிவதற்கு முன்பே பூட்டினால்தான் வெயில் ஏறுமுன் கொஞ்சம் நிலமாவது நனையும். பழைய கிணறுகளில் கமலைக்கல் நட்டிருந்த இடத்தை இன்றும் பார்க்கலாம். பல கிணறுகளில் அதே இடத்தில்தான் மோட்டார் ரூம் நிற்கிறது.

12. மாவாட்டும் மோட்டார்

வீட்டுக்குள் நுழைந்த கோவை மோட்டாருக்கு வெட் கிரைண்டர் என்று பெயர். 1955-ல் பி. சபாபதி என்ற கோவைக்காரர் ஆட்டுரலுக்கு மோட்டார் பூட்டினார். 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' இன்று புவிசார் குறியீடு பெற்ற பொருள். குழவியைச் சுற்றிய கைகளுக்கு ஓய்வு தந்ததில் இதற்கு இணையான கண்டுபிடிப்பு நம் வீடுகளில் ரொம்பக் கிடையாது.

13. தாடைக்கு ஒரு மோட்டார்

நாயுடுவின் 'ராசண்ட்' சவர ரேசர் உலர் பேட்டரியில் ஓடியது. உள்ளே ஒரு குட்டி மோட்டார். வெளி உடல் ஜெர்மனியின் ஹெய்ல்பிரான் நகரத்துத் தயாரிப்பு. மிக மெல்லிய சவர பிளேடும் அவர் செய்ததுண்டு. பஸ்ஸின் எஞ்சினையும் முகத்தில் ஓடும் எஞ்சினையும் ஒரே ஆள் யோசித்திருக்கிறார்.

14. கரண்ட் இல்லாத ஊருக்கு ஃபேன்

மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி! சிரிக்க வேண்டாம். அன்றைக்குக் கம்பி எட்டாத கிராமங்களே அதிகம். அங்கே விளக்குக்குக் கிடைத்த எரிபொருள் மண்ணெண்ணெய். 'மின்' இல்லாத விசிறியை மின்விசிறி என்று எழுதியதற்கு மட்டும் மன்னியுங்கள். நாயுடு செய்தது மண்ணெண்ணெய் விசிறி.

15. 70 ரூபாய்க்கு ரேடியோ

ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று 1941-ல் அறிவித்தார். ரேடியோ என்பது ஊருக்கு ஒரு பெரிய வீட்டில் இருக்கும் பொருளாக இருந்த காலம் அது. மற்றவர்கள் திண்ணைக்கு வெளியே நின்று கேட்பார்கள். அந்தத் திண்ணைக் கூட்டத்தை மனதில் வைத்துப் போட்ட விலை போலத்தான் படுகிறது.

16. கள்ள ஓட்டுக்கு எதிரி

யாரும் கைவைத்து மாற்ற முடியாதபடி வாக்கைப் பதிவு செய்யும் இயந்திரம் ஒன்றையும் நாயுடு செய்தார். இந்தியத் தேர்தலில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் முதன்முதலாகப் பயன்பட்டது 1982 மே மாதம், கேரளத்தின் பரவூர் தொகுதியில். அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே நாயுடு காலமாகிவிட்டார். அவரே தேர்தலில் நின்று தோற்றவர் என்பது தனிக்கதை. இரண்டுக்கும் முடிச்சுப் போட வேண்டாம்.

17. மன்னரின் இறுதி ஊர்வலத்தில் ஒரு கோவைக் கேமரா

1936 ஜனவரியில் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தன் கேமராவில் படம் பிடித்தார் நாயுடு. போன இடத்தில் சும்மா இருப்பவர் இல்லை. படக் கேமராவுக்கான தூரம் சரிசெய்யும் கருவி ஒன்றும் அவருடைய கண்டுபிடிப்புப் பட்டியலில் உண்டு. பொருளைப் பயன்படுத்தினால் அதன் குறையும் கண்ணில் படும். குறை கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது.

18. காலேஜ் இல்லாத ஹோப் காலேஜ்

கோவை அவினாசி சாலையில் 'ஹோப் காலேஜ்' என்றொரு நிறுத்தம். இறங்கித் தேடினால் அந்தப் பெயரில் காலேஜ் எதுவும் இருக்காது. 1945-ல் நாயுடுவின் கொடையில், அன்றைய சென்னை கவர்னர் ஆர்தர் ஹோப்பின் பெயரில் அங்கே தொழிற்கல்லூரி தொடங்கியது. பின்பு தடாகம் சாலைக்கு இடம் மாறி, இன்று ஜி.சி.டி. என்று அழைக்கும் அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக நிற்கிறது. காலேஜ் போய்விட்டது. கண்டக்டரின் வாயில் பெயர் நிலைத்துவிட்டது.

19. நான்கு வருடம் எதற்கு?

அந்தக் கல்லூரியின் முதல்வர் யார்? பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட நாயுடுதான். பொறியியல் படிப்புக்கு நான்கு வருடம் தேவையில்லை, பட்டறையில் நிறுத்திச் சொல்லிக் கொடுத்தால் இரண்டே போதும் என்பது அவர் வாதம். அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. பதவியை விட்டு விலகினார். யார் சொன்னது சரி என்பதை, ஒரு மோட்டாரைக்கூடக் கழற்றிப் பார்க்காமல் பட்டம் வாங்கிய எங்களைப் போன்றவர்களிடம் கேட்காதீர்கள்.

20. 2,000 ரூபாய் கார்

1952-ல் இரண்டு பேர் அமரும் பெட்ரோல் கார் ஒன்றைச் செய்தார். விலை 2,000 ரூபாய். 1951-ன் தொழில்கள் சட்டம் அப்போதுதான் நடைமுறைக்கு வந்திருந்தது. தொழிற்சாலை தொடங்க வேண்டுமென்றால் டெல்லியின் லைசென்ஸ் வேண்டும். அது கிடைக்கவில்லை. கார் பட்டறையோடு நின்றது. மக்கள் கார் என்ற கனவைக் கோவை கண்டபோது, மாருதி 800 சாலைக்கு வர இன்னும் 31 வருடம் இருந்தது.

21. மேலே பாலம், கீழே பெயர்

நாயுடு மறைந்தது 1974 ஜனவரி 4. கோவை அவினாசி சாலையில் 10.1 கிலோமீட்டர் நீளத்துக்குக் கட்டிய மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டபோது அவர் பெயரைப் பெற்றது. பாலத்தின் கீழே பீளமேடு, ஹோப் காலேஜ், அவர் சேகரிப்புகள் இருக்கும் அருங்காட்சியகம். அவருடைய வாழ்க்கை முழுக்க அந்த ஒரே சாலையின் ஓரத்தில் கிடக்கிறது.

சரி, கயத்தாற்றுக்கு வருவோம்.

22. மலையில் ஒரு வாசல்

மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு மதில் என்றால், செங்கோட்டைக் கணவாய் அதில் ஒரு வாசல். தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியே புகுந்து தென்காசியைக் குளிர வைத்துவிட்டு, கிழக்கே மேடு பள்ளமில்லாத கரிசல் வெளியில் தடையின்றி ஓடி வருகிறது. தென்காசிக்குச் சாரல், நமக்கு வெறும் காற்று என்று ஒரு காலத்தில் பெருமூச்சு விட்டோம். அந்த வெறும் காற்றுக்குத்தான் இப்போது மீட்டர் ஓடுகிறது. மே முதல் செப்டம்பர் வரை காத்தாடிக்காரர்களுக்குச் 'சீசன்'.

23. முள்ளக்காட்டில் முதல் அடி

1986-ல் இந்தியாவின் ஆரம்பகால காற்றாலைப் பண்ணைகளில் ஒன்று தூத்துக்குடி பக்கத்தில் முள்ளக்காட்டில் அமைந்தது. ஒரு பக்கம் உப்பளம், மறு பக்கம் முத்துக்குளித்த கடல், நடுவே காத்தாடி. அன்றைக்கு ஒரு காத்தாடியின் திறன் 55 கிலோவாட். இன்று தமிழ்நாட்டின் காற்றாலைகளின் மொத்தத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது.

24. டென்மார்க்கிலிருந்து கயத்தாற்றுக்கு

கயத்தாற்றில் காற்றாலைகளைச் சோதித்துப் பார்க்கும் மையம் இருக்கிறது. சென்னை பள்ளிக்கரணையைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய காற்று ஆற்றல் நிறுவனத்துக்குச் சொந்தமான அது, டென்மார்க் உதவியோடு அமைந்தது. ஏன் டென்மார்க்? மோட்டாரையே ஜெனரேட்டராக்கும் காத்தாடியை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய யோஹான்னஸ் யூல் என்ற மின்பொறியாளரின் நாடு அது. 1957-ல் கெட்ஸர் என்னும் கடலோர ஊரில் அவர் நிறுத்திய 200 கிலோவாட் காத்தாடிக்கு மூன்று இறகு. பத்து ஆண்டுகள் ஓடியது. நம் காட்டில் நிற்கும் மூன்று இறகுக் காத்தாடிகளுக்கு அதுதான் பாட்டன்.

25. இரண்டு மடங்கு காற்று, எட்டு மடங்கு கரண்ட்

காற்றின் வேகம் இரு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் இரு மடங்கு ஆவதில்லை, எட்டு மடங்கு ஆகிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்றவர்கள் கணக்குப் போட்டுச் சொன்னார்களோ என்னவோ! ஆனாலும் அந்த ஆற்றலில் அதிகபட்சம் 59.3 சதவீதத்தைத்தான் காத்தாடியால் பிடிக்க முடியும். முழுவதையும் பிடித்துவிட்டால் காற்று அங்கேயே நின்றுவிடும். பின்னால் வரும் காற்றுக்கு வழி ஏது? ஜெர்மனியின் ஆல்பர்ட் பெட்ஸ் வகுத்த எல்லை இது.

26. கரண்ட் இருந்தால்தான் கரண்ட்

இண்டக்‌ஷன் வகைக் காத்தாடியிடம் ஒரு விசித்திரம் உண்டு. லைனில் கரண்ட் இருந்தால்தான் அது கரண்ட் தரும். உள்ளே காந்தப் புலத்தை உண்டாக்க வெளியிலிருந்து கொஞ்சம் மின்சாரத்தை இழுத்தாக வேண்டும். அதனால்தான், ஊரில் கரண்ட் போனால் காற்று பிய்த்துக்கொண்டு அடித்தாலும் காத்தாடி நின்றுவிடுகிறது. "தலைக்கு மேல காத்தாடி, வீட்ல இருட்டு" என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு இதுதான் பதில்.

27. காற்றுக்கு முன்னால் ஓடும் காத்தாடி

பழைய வகைக் காத்தாடிகள் சிலவற்றில், காற்று மந்தமாக இருக்கும்போது லைன் கரண்டைக் கொடுத்து இறகைச் சுற்றிவிடுவார்கள். அந்தச் சில நொடிகள் அது நம் வீட்டு ஃபேன். வேகம் பிடித்து, காற்று கையில் எடுத்துக்கொண்டதும் அது ஜெனரேட்டர். வயர் மாறுவதில்லை, காயில் மாறுவதில்லை, கரண்ட் போகும் திசைதான் மாறுகிறது. அண்ணாச்சி சொன்ன கொடுக்கல் வாங்கலை இதைவிடப் பச்சையாகக் காட்ட முடியாது.

28. கயத்தாற்றுக் காற்று, கோவை நூல்

தென்மாவட்டக் காத்தாடிகளில் பல கோவை, திருப்பூர் பக்கத்துப் பஞ்சாலைகளுக்குச் சொந்தம். இங்கே லைனில் ஏற்றும் யூனிட்டுகளை அங்கே தங்கள் மில்லின் கணக்கில் கழித்துக்கொள்வார்கள். சீசனில் மிஞ்சியதை மின்வாரியக் கணக்கில் வரவு வைத்துப் பிறகு எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்குப் பெயரே 'பேங்கிங்'. ஆக, பீளமேட்டில் தொடங்கிய மோட்டாரின் வாரிசுகளைச் சுற்றவைப்பதில் நம் ஆடிக் காற்றுக்கும் பங்கு உண்டு.

29. சாலையில் போகும் திமிங்கலம்

தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகம் வழியே கப்பல் ஏறும் சரக்குகளில் காற்றாலை இறகும் ஒன்று. புதிய இறகுகளின் நீளம் 70 மீட்டரைத் தாண்டும். வளைவில் லாரி திரும்பும்போது முன்னே ஒருவர், பின்னே ஒருவர் கை காட்ட, டீக்கடைக் கூட்டம் மொத்தமும் எழுந்து நின்று பார்க்கும். ஒரு காலத்தில் மோட்டாரைக் கப்பலில் இறக்கிய நாடு, இன்று இறகைக் கப்பலில் ஏற்றுகிறது.

30. எழுபது சுற்று

கடைசியாக ஒரு வேலை. இன்று வயலுக்கு மோட்டார் போடப் போகும்போது, அதன் மேல் அறைந்திருக்கும் தகட்டைத் துடைத்துப் பாருங்கள். நான்கு துருவ மோட்டார் என்றால் ஆர்.பி.எம். 1440-ஐ ஒட்டி ஏதோ ஓர் எண் இருக்கும். நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டின் காந்தப் புலம் அதற்குள் நிமிடத்துக்கு 1500 முறை சுற்றுகிறது. அதை எட்டிப் பிடிக்க முடியாமல் பின்தங்கி ஓடும்வரை அது மோட்டார். தண்ணீர் இறைக்கும், பில் ஏறும். அதே சாமானைக் காற்று பிடித்து 1500-ஐத் தாண்டித் தள்ளி 1510-ல் ஓடவிட்டால் அது ஜெனரேட்டர். கரண்ட் திரும்பிப் பாயும். கிணற்று மேட்டுக்கும் காத்தாடி உச்சிக்கும் நடுவே இருப்பது அந்த எழுபது சுற்றுதான்.

இதை அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். புதுக் காயிலுக்கு வார்னிஷ் அடித்துக்கொண்டே, "அதத்தான் அன்னிக்கே சொன்னனே தம்பி" என்றார்.